ஐம்பத்தேழு மில்லி

இருபத்து மூன்று நாட்களும் நான்கு மணி நேரமும் ஆகியிருந்தன, அந்தப் படியால் யாரும் எதையும் அளந்து.

வர்ஷினி உட்கார்ந்து கணக்குப் போடவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததும் மனசு தானாகவே கழித்துச் சொல்லிவிட்டது. அன்று நவம்பர் நான்காம் தேதி, காலை பத்து நாற்பது. இன்று இருபத்தேழாம் தேதி, பிற்பகல் இரண்டு நாற்பது.

அது ஒரு லிட்டர் பிடிக்கிற அலுமினியப் படி. அரிசி அளக்கத் தருமபுரியில் வாங்கியது. தாயம்மாளோடு ரயிலேறி செகந்திராபாத் வந்து, பல வருடம் அவள் வீட்டு அரிசி டின்னுக்குள் கிடந்து, கடைசியில் மல்லாபூரில் இந்தக் கேக் தொழிற்சாலையின் மிக்சிங் அறைக்கு வந்து சேர்ந்தது. தொழிற்சாலை கொடுத்த பிளாஸ்டிக் அளவுக் கோப்பை உடைந்த அன்று, இன்னொன்று வரும்வரை இருக்கட்டும் என்று, அங்கே மாவு கலக்கிற தாயம்மாள் எடுத்துவந்தாள். இன்னொன்று வரவே இல்லை. கிஸ்மிஸ், கருந்திராட்சை, நறுக்கிய பேரீச்சை, இந்த ஊரில் குபானி என்று சொல்கிற காய்ந்த ஆப்ரிகாட், எல்லாம் கலந்த உலர்பழக் கலவை ஒரு தடவை மாவுக்குப் பன்னிரண்டு படி. பதினாறு வருடமாக அதுதான் கணக்கு.

அளப்பதற்கு அவளுக்கென்று ஒரு முறை உண்டு. படியை நிரப்புவாள். அடிப்பாகத்தை மேஜையில் இரண்டு முறை தட்டுவாள். உள்ளங்கையின் ஓரத்தால் மேலே தலைதட்டுவாள். ஊரில் நெல் அளக்கிறவர்களைப் போல முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டாள். லாபம் என்பாள். லாபம், ரெண்டு, மூணு என்று பன்னிரண்டு வரை போகும்.

நவம்பர் நான்காம் தேதி, பெரிய மிக்சரின் துடுப்பு அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய மாவை வழிக்கக் கையை விட்டாள் என்று தொழிற்சாலையின் அறிக்கை சொன்னது. ஒரு பக்க அறிக்கை. அதில் கவனக்குறைவு என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது. வர்ஷினி எண்ணியிருந்தாள்.

அவள் அதை மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை. பரிசோதனை அறையில் வேலை செய்கிற, சாத்தூரிலிருந்து வந்த, இருபத்து நான்கு வயது வேதியியல் பட்டதாரிப் பெண்ணிடம் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? அமீர்பேட் ஹாஸ்டலில் கூட இருக்கும் பெண்களுக்கே அவள் குரல் சரியாகத் தெரியாது.

"வர்ஷினி, ஒரு சின்ன வேலை."

உற்பத்தி மேலாளர் வேணுகோபால் பரிசோதனை அறையின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர்.

"அந்தப் படிக் கணக்கு இருக்கே, ட்வெல்வ் படி, அதை கிராமுக்கு மாத்திக் கொடும்மா. இனிமே அந்த ரூம்ல படியே கிடையாது. தராசுதான். பழத்தை மொத்தமா நிறுத்து, மிஷின் போடறதுக்கு முன்னாடியே கொட்டிடணும். அப்புறம் மூடி. அப்புறம்தான் சுவிட்ச்."

"சரி சார்."

"நல்ல விஷயம்தானே?"

"நல்ல விஷயம் சார்."

உண்மையிலேயே நல்ல விஷயம்தான். அதனால்தான் அடுத்து அவர் சொன்னது அவளுக்கு உடனே பிடிபடவில்லை.

"டைப் பண்ணி லேமினேட் பண்ணிடு. ஷீட் நம்பர் முப்பத்தொண்ணு. தேதி செப்டம்பர் எட்டு."

"சார், இப்ப நவம்பர்..."

"எனக்கும் காலண்டர் பாக்கத் தெரியும்மா." அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் தாழ்ந்தது. "நாளைக்கு லேபர் ஆபீஸ்லேர்ந்து வராங்க. ரூம்ல என்ன இன்ஸ்ட்ரக்‌ஷன் ஒட்டியிருந்துச்சுன்னு கேப்பாங்க. இதுதான் ஒட்டியிருந்துச்சு. செப்டம்பர்லேர்ந்து இதுதான். அந்தம்மா படிச்சும் கேக்கலை. அவ்ளோதான். கீழ கையெழுத்து உன்னோடது. குவாலிட்டி ஷீட்னா நீதானே போடணும்."

முப்பத்தொன்று என்ற எண்ணில் ஏற்கெனவே ஒரு ஷீட் இருந்தது. செப்டம்பர் எட்டாம் தேதிதான் அதுவும். நவம்பர் நான்காம் தேதி மதியத்துக்குள் அது சுவரிலிருந்து போய்விட்டது. அதில் என்ன எழுதியிருந்தது என்பதை நினைக்காமல் இருக்க வர்ஷினி இருபத்து மூன்று நாளாகப் பழகிக்கொண்டிருந்தாள். பல் வலிக்கிற பக்கமாக மெல்லாமல் இருப்பதைப் போல.

"நாலு மணிக்கு அந்தம்மா பொண்ணு வரா, சாமான் எடுத்துக்க" என்றார் வேணுகோபால் எழுந்தபடியே. "நீயும் கூட இரு. லேடீஸ் யாராவது இருந்தா நல்லாருக்கும்."

"நான் என்ன சார் பேசணும்?"

"நீ என்னைக்கும்மா பேசியிருக்க? சும்மா நின்னாப் போதும். உன்கிட்ட எனக்குப் பிடிச்சதே அதான்."

மிக்சிங் அறையில் இரண்டாவது மாவு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சுத் தோலும் வெல்லப்பாகும் கலந்த வாசனை. பெரிய மிக்சரின் கம்பி மூடி இப்போது பூட்டோடு இருந்தது. செப்டம்பரிலிருந்து நவம்பர் நான்கு வரை அது திறந்தே கிடந்தது. மூடியைத் திறந்தால் மிஷின் நின்றுவிட வேண்டும். நிற்காமல் இருக்க ஃபிட்டர் ஒரு செப்புக் கம்பியால் சுவிட்சைக் கட்டிவைத்திருந்தார். அந்தக் கம்பியையும் இப்போது காணோம். சுவரில் நான்கு மூலைக்கு நான்கு டேப் துண்டுகளும், நடுவில் சுவரின் மற்ற இடத்தைவிட வெளுத்த ஒரு சதுரமும் மட்டும் இருந்தன. வர்ஷினி அந்தப் பக்கம் பார்க்காமல் அலமாரியை நோக்கிப் போனாள்.

"லட்சுமணன் அண்ணே, படி எங்க?"

தாயம்மாளின் இடத்துக்கு வந்திருந்த லட்சுமணன் கையிலிருந்த துணியை உதறினார். "படியா? நக்கோ மேடம். அதை எடுக்காதீங்க. மேல் தட்டுல கவுத்து வெச்சிருக்கு. நான் அதைத் தொடுறதேயில்ல."

"அப்ப எப்படி அளக்கிறீங்க?"

"பிளாஸ்டிக் கிண்ணத்துல, ஒரு குத்துமதிப்பா. கேக்குதானே, மருந்தா என்ன." பிறகு குரலை இறக்கினார். "அக்கா இன்னும் அளந்துட்டுதான் இருக்கு மேடம். காலைல பத்தே முக்கால் வாக்குல பாருங்க, டக், டக். ரெண்டே தட்டு. பெல்ட் சத்தம்னு சூப்பர்வைசர் சொல்றாரு. பெல்ட்டுக்கு ரெண்டு வரைக்கும்தான் எண்ணத் தெரியுமா?"

அவள் சிரிக்கப் பார்த்தாள்.

"உங்களுக்குக் கேக்கலியா?"

"இல்லண்ணே."

பொய். அவளுக்கு இங்கே மட்டுமல்ல, ஹாஸ்டலிலும் கேட்டது. பக்கத்துக் கட்டில் பெண் பவுடர் டப்பாவை அலமாரியில் வைக்கும்போது கேட்டது. மெட்ரோவில் கதவு மூடுவதற்கு முன்பு கேட்டது. எப்போதும் இரண்டு தட்டு. அதற்குப் பிறகு வரவேண்டிய சத்தம், உள்ளங்கை விளிம்பில் வழுக்கிப் போகிற அந்தச் சத்தம், ஒரு தடவைகூட வந்ததில்லை. அதற்காகக் காத்திருந்து காத்திருந்து அவள் தூக்கம் கெட்டிருந்தது.

ஸ்டூலில் ஏறிப் படியை எடுத்தாள். பளபளவென்று கழுவி வைத்திருந்தார்கள். அப்படியே ஒரு காகிதத்தில் சுற்றிப் பரிசோதனை அறைக்குக் கொண்டுவந்து தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

உலர்பழத்தை அளவிலிருந்து எடைக்கு மாற்றுவது கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். தண்ணீராக இருந்தால் சுலபம்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, முடிந்தது. உலர்பழம் அப்படியில்லை. ஒவ்வொரு திராட்சைக்கும் சுருக்கம், சுருக்கத்துக்குள் காற்று, பழத்துக்கும் பழத்துக்கும் நடுவிலும் காற்று. பேரீச்சைத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுவில் பொந்து விடும். ஆகவே ஒரு படி பழம் என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேல் பழம், மீதி காற்று. எவ்வளவு காற்று என்பது அளக்கிற கையைப் பொறுத்தது. கை மாறினால் எடை மாறும். ஒரே கையே இரண்டு தடவை அளந்தாலும் மாறும்.

முதலில் தட்டாமல் நிரப்பி நிறுத்தாள். 560 கிராம். கொட்டிவிட்டு மறுபடி. 584. மறுபடி. 571. எதிர்பார்த்தது போலத்தான் எண்கள் சிதறின.

பிறகு தாயம்மாள் செய்வதைப் போல நிரப்பி, இரண்டு முறை தட்டி, தலைதட்டினாள்.

621.

கொட்டினாள். நிரப்பினாள். தட்டினாள். 621.

மூன்றாவது தடவை வேண்டுமென்றே வேறு டப்பாவிலிருந்து எடுத்து நிரப்பினாள். டக், டக். தராசு கொஞ்சம் ஆடி நின்றது. 621.

வர்ஷினி கையை எடுத்துவிட்டாள். எண்கள் சிதறினால் அவளுக்குப் பயம் கிடையாது. சிதறுவதுதான் அவற்றின் இயல்பு. கல்லூரிச் சோதனைக்கூடத்தில் மூன்று அளவும் ஒன்றாக எழுதிக் கொடுக்கிறவளைப் பேராசிரியர் பார்க்கிற பார்வை அவளுக்குத் தெரியும். எழுதியது கள்ளக் கணக்கு என்று அர்த்தம். ஆனால் இங்கே எழுதியது அவளில்லை. தராசு. பிசுபிசுத்த, சுருங்கிய, ஒன்றுபோல் ஒன்றில்லாத பழங்கள் மூன்று முறையும் ஒரு கிராம் பிசகாமல் வந்து உட்கார்ந்தன, பதினாறு வருடம் பழகிய ஒரு கை அவள் கைக்கு மேலே இருந்தது போல.

அறையில் வேறு யாரும் இல்லை. வெளியே லாரி ஒன்று பின்வாங்குகிற சத்தம்.

வேலையைப் பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எண்ணைச் சரிபார்க்க இன்னொரு வழி இருந்தது. ஸ்டோர் பதிவேடு. செப்டம்பர் எட்டிலிருந்து நவம்பர் மூன்று வரை நூறு தடவை ஃப்ரூட் கேக் மாவு போட்டிருந்தார்கள். அதற்கு ஸ்டோரிலிருந்து இறங்கிய உலர்பழம் 790 கிலோ. ஒரு மாவுக்கு 7,900 கிராம். பன்னிரண்டால் வகுத்தால் ஒரு படிக்கு 658.

621 அல்ல. 658. படிக்கு முப்பத்தேழு கிராம் இடிக்கிறது.

தாயம்மாளின் கை கனமாக இருந்திருக்கும் என்று முதலில் நினைத்தாள். கொஞ்சம் அமுக்கி நிரப்பிப் பார்த்தாள். 690க்குப் போய்விட்டது, விரலெல்லாம் பிசுபிசுப்பு. அப்போதுதான் அந்தக் குரல் நினைவுக்கு வந்தது. "அமுக்காத கண்ணு. அமுக்குனா பழம் அழுதுரும்." தாயம்மாள் ஒருநாளும் அமுக்கியதில்லை.

அது வர்ஷினி வேலைக்குச் சேர்ந்த ஜூன் மாதம். எல்லா அளவுப் பாத்திரங்களையும் தண்ணீர் ஊற்றிச் சரிபார்க்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்ததை அப்படியே செய்துகொண்டிருந்தாள். படியில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பித் தராசில் வைத்ததைத் தாயம்மாள் இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, தண்ணியிலயா கேக்கு சுடப்போற?"

"இல்லம்மா. படி எவ்வளவு பிடிக்குதுன்னு பாக்கேன்."

"எம்மாம் புடிக்குதாம்?"

"ஆயிரத்துப் பன்னிரண்டு."

"பாத்தியா, லிட்டருக்கு மேல பன்னெண்டு சேர்த்துக் குடுத்திருக்கான் எங்கூருக் கடைக்காரன். எழுதி வெச்சுக்க. நாளைக்கு எவனாச்சும் எம்படி கொறையுதுன்னு சொன்னா நீதான் சாட்சி."

எழுதித்தான் வைத்திருந்தாள். பழைய நோட்டைப் புரட்டினாள். ஜூன் பதினேழு. அலுமினியப் படி, மிக்சிங் அறை. 1012.

படியைக் கழுவித் துடைத்துத் தண்ணீர் நிரப்பினாள். விளிம்பில் நடுங்கும் தண்ணீரைச் சிந்தாமல் தராசில் வைத்தாள்.

955.

ஊற்றிவிட்டு மறுபடி நிரப்பினாள். 955.

ஐம்பத்தேழு மில்லி குறைகிறது. 621ஐ 955ஆல் வகுத்தால் ஒரு மில்லி பழத்துக்கு முக்கால் கிராம்கூட வராது, 0.65 கிராம்தான். ஐம்பத்தேழைப் பெருக்கினாள். முப்பத்தேழு கிராம்.

படியை மெதுவாகத் திருப்பினாள். விளிம்புக்கு இரண்டு விரல் கீழே, ஒரு பக்கத்தில் உள்வாங்கிய ஒரு பள்ளம். வட்டமானதல்ல, கீழே விழுந்தால் வருகிற மாதிரி கூரானதுமல்ல. நீளவாக்கில் வளைந்து இறங்கியது. மிக்சர் துடுப்பின் விலா அந்த வளைவுதான். பள்ளத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, எவ்வளவு தேய்த்தும் போகாதது. இத்தனை நாளும் படியைக் கவிழ்த்து, அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார்கள்.

படி நசுங்கியிருந்தால், அது மிக்சருக்குள் போயிருக்கிறது. அப்படியானால் தாயம்மாள் மாவு வழிக்கவில்லை. பழம் போட்டுக்கொண்டிருந்தாள். படிக்குப் பிடி கிடையாது. விளிம்பைப் பிடித்துத்தான் சரிக்க வேண்டும். கை அதோடு கூடவே உள்ளே போயாக வேண்டும்.

இது எதுவும் வர்ஷினிக்குப் புதிதில்லை. தராசும் அதைச் சொன்னதுதான் புதிது.

கணினியில் உட்கார்ந்தாள். ஷீட் எண் 31. தேதி 08-09. உலர்பழக் கலவை, ஒரு மாவுக்கு. இங்கே 621ஆல் கணக்குப் போட்டால், செப்டம்பர் தேதி போட்ட தாளில் நவம்பரில் நசுங்கிய படியின் எடை இருக்கும். கணக்குத் தெரிந்தவன் எவனாவது ஒருநாள் பதிவேட்டோடு ஒப்பிட்டால் பிடித்துவிடுவான். 658ஆல் போட்டால் எல்லாம் பொருந்தும். பதிவேடு பொருந்தும், தேதி பொருந்தும். எடை உண்மையான எடை. அந்த உண்மையான எடையை வைத்துத்தான் தாளில் உள்ள பொய் முழுமையாகும்.

7,896 கிராம் என்று அடித்தாள். கீழே இரண்டு வரி. பழத்தை மிஷின் ஓடுவதற்கு முன் மொத்தமாகச் சேர்க்கவும். மிஷின் ஓடும்போது மூடியைத் திறக்கக் கூடாது.

அச்சடித்து வந்த தாள் இன்னும் சூடாக இருந்தது. கையெழுத்துக்கான இடத்தை விட்டுவிட்டு எழுந்தாள். நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

வேணுகோபாலின் அறையில் தாயம்மாளின் மகள் தேஜஸ்வினி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை தொங்கியது. நேராக வகுப்பிலிருந்து வந்திருக்கிறாள். மேஜைமேல் ஒரு துணிப்பை. மாற்றுப் புடவை ஒன்று, டிபன் பாக்ஸ், சீப்பு, ரப்பர் செருப்பு. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் பைக்குள் வைத்தாள்.

வர்ஷினி கதவோரம் நின்றாள். வேணுகோபால் கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டு, கீழே கையெழுத்து இல்லாததைப் பார்த்து, பேனாவை அதன்மேல் வைத்துத் தள்ளினார். பேச்சை விடவில்லை.

"ஆபீஸ்லேர்ந்து ஆகவேண்டியதெல்லாம் ஆகும்மா. கம்பெனி கைவிடாது."

"அது மாமா பாத்துப்பாரு சார்" என்றாள் தேஜஸ்வினி. அவள் தமிழில் தருமபுரியும் ஹைதராபாத்தும் கலந்து கிடந்தன. "எங்க வீட்டுப் படி ஒண்ணு இங்க இருக்கு. அது வேணும்."

"படியா? அது கம்பெனி சாமான்..."

"இல்ல சார். எங்கம்மா பேரு அடியில வெட்டியிருக்கும்."

வேணுகோபால் வர்ஷினியைப் பார்த்தார். அந்தப் பார்வையில், இல்லை என்று சொல் என்றிருந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் போய்ப் படியை எடுத்துவந்து கொடுத்தாள். பேசாமல் இருப்பது அவளுக்கு எப்போதும் கைவந்த கலை. இன்று முதல் முறையாக அது அவருக்கு உதவவில்லை.

தேஜஸ்வினி படியைக் கவிழ்த்தாள். அடியில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் தாயம்மாள் என்றிருந்தது. அதன்மேல் விரலை ஓட்டினாள். பிறகு விரல் பக்கவாட்டில் இறங்கி, பள்ளத்தில் நின்றது.

"இது எப்டி நசுங்குச்சு?"

"கீழ விழுந்திருக்கும்மா" என்றார் வேணுகோபால். "அலுமினியம்தானே."

"ஹவ்" என்று ஹைதராபாத் பேச்சில் ஆமாம் போட்டாள். ஆனால் விரலை எடுக்கவில்லை. "சார், ஒண்ணு கேக்கட்டா? எங்கம்மா வீட்டுல மிக்ஸி மூடியத் தொறக்கணும்னாக்கூட முதல்ல பிளக்கைப் பிடுங்கும். சுவிட்ச் ஆஃப் பண்ணாப் பத்தாது, பிளக்கே பிடுங்கணும். நான் சிரிப்பேன். அப்படிப்பட்ட எங்கம்மா எப்டி சார் ஓடுற மிஷின்ல கைய விட்டுச்சு?"

"சில நேரம் மனுஷங்களுக்கு..."

"எல்லாரும் அதான் சொல்றாங்க. மாமா, அத்தை, பக்கத்து வீட்டு ஆன்ட்டி, எல்லாரும். பாவம், நல்ல பொம்பளை, அலட்சியம் பண்ணிட்டா. டெய்லி சொல்றாங்க." குரல் உடையவில்லை. பல தடவை சொல்லிப் பார்த்தவை போல வாக்கியங்கள் வந்தன. "அன்னிக்குக் காலைல நான் ஃபோன் ரீசார்ஜுக்காக அம்மாகிட்ட சண்டை போட்டேன். அதையே நினைச்சுட்டு வேலை பாத்துச்சோ, அதான் கவனம் தப்பிடுச்சோன்னு இருக்கு சார். தூங்கப் போனா அதான் வருது. என்னாலதான்னு இருந்தா, அதையாவது யாராவது சொல்லிடணும்."

வேணுகோபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. நாளைக்கு ஆபீசர் வருகிறார், கிறிஸ்துமஸ் ஆர்டர் இருக்கிறது, நூற்றுப்பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். "அதெல்லாம் மனசுல வெச்சுக்காதம்மா" என்றார். பிறகு, "வர்ஷினி, அந்தக் கையெழுத்தைப் போட்டுட்டு நீ போம்மா."

வர்ஷினி மேஜைக்கு அருகே வந்தாள். தாளைப் பார்த்தாள். 7,896 கிராம். பேனாவை எடுத்தாள். பேனா விரலில் ஒட்டியது. பேரீச்சையின் பிசுபிசுப்பு இன்னும் போகவில்லை.

தேஜஸ்வினி பைக்குள் வைப்பதற்காகப் படியை நிமிர்த்தினாள். கையை எடுக்குமுன், தான் செய்வது தெரியாமலே, மேஜைமேல் அதன் அடியை இரண்டு முறை தட்டினாள்.

டக், டக்.

பிறகு உள்ளங்கையின் ஓரத்தால் வெறும் படியின் விளிம்பை ஒருமுறை வழித்தாள். இருபத்து மூன்று நாளாக வராத அந்தச் சத்தம் வந்தது. உள்ளே ஒன்றும் இல்லாததால் மெல்லிசாக, ஒரு மூச்சு போல.

வர்ஷினி பேனாவைக் கீழே வைத்தாள்.

"கீழ விழல" என்றாள்.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கே தன் குரல் அந்நியமாக இருந்தது.

"ஜூன்ல ஆயிரத்துப் பன்னிரண்டு பிடிச்சுது. இப்ப தொள்ளாயிரத்து அம்பத்தஞ்சு. எங்கிட்ட எழுதி இருக்கு. அம்பத்தேழு மில்லி குறையுது. இது மிக்சர் துடுப்பு நசுக்கினது. அம்மா மாவு வழிக்கல. பழம் போட்டுட்டு இருந்தாங்க."

"வர்ஷினி" என்றார் வேணுகோபால்.

"ஃபோன் சண்டையில்ல. கவனம் தப்பல. இருந்த ஷீட் என்ன சொல்லுச்சோ, அதைத்தான் செஞ்சாங்க."

தேஜஸ்வினி எழுந்து நின்றாள். படியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"மிஷின் ஓடும்போதா? ஓடும்போது போடுன்னா அந்த ஷீட் சொல்லுச்சு?"

"ஆமா."

"ஏன் அக்கா? எதுக்கு அப்டி?"

"கேக்குல பழமெல்லாம் அடியில போய் உக்காந்துருச்சுன்னு செப்டம்பர்ல கடைக்காரங்க திருப்பி அனுப்புனாங்க. மிஷினை நிறுத்திட்டு மொத்தமாப் போட்டா அப்படி ஆகும். ஓடும்போது ஒவ்வொரு படியா போட்டா, பழம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவும். பரவுச்சு. எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னாங்க."

"நீ ரூமுக்குப் போ" என்றார் வேணுகோபால். குரல் உயரவில்லை. கெஞ்சுவது போலத்தான் இருந்தது. "உன் நல்லதுக்குச் சொல்றேன்."

தேஜஸ்வினி அவரைப் பார்க்கவில்லை. "யாரு அக்கா? யாரு அதை எழுதினது?"

வர்ஷினி அவள் கையிலிருந்த படியைப் பார்த்தாள். நாளைக்கு எவனாவது என் படி குறைகிறது என்று சொன்னால் நீதான் சாட்சி என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

"நான்தான் தேஜஸ்வினி" என்றாள். "மிஷினை நிறுத்தாம, ஓடும்போதே பழத்தைப் போடணும்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, அந்தச் சுவத்துல ஒட்டினது நான்தான்."